வைரம் இருந்தால்தான் நல்ல பதிலா?

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதைதான் கொடுப்பதாக இருந்தேன். "கவிதை ஏற்கெனவே முப்பதுக்கு மேல வந்தாச்சு. பாதி நட்பைப் பத்தி, பாதி அம்மாவைப் பத்தி. நீயாவது கட்டுரை கொடுப்பா" என்றார். எதைப் பற்றி எழுதுவது? சுற்றுச்சூழல், வரதட்சணை, இளைஞர் சக்தி எல்லாம் போன வருட மலரிலேயே இருக்கிறது. ஆகவே, விடுதியில் விளக்கணைத்த பிறகு நம்மில் பாதிப்பேர் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எதைப் படிக்கிறோமோ, அதைப் பற்றியே எழுதிவிடுவது என்று துணிந்துவிட்டேன். பயப்பட வேண்டாம், யார் பெயரும் வராது!

கதை விளையாட்டைத்தான் சொல்கிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி. போனில் ஒரு கதை ஓடும். படித்துக்கொண்டே போவோம். ஓரிடத்தில் கதை நின்று, "இப்போது நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கும். கீழே இரண்டு மூன்று பதில் இருக்கும். எதைத் தொடுகிறோமோ அதன்படி கதை நகரும். ஓடுவதும் சுடுவதும் இல்லை. படிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது என் தங்கச்சி. ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் வீட்டில் அப்பா லோடுமேன், அம்மா நூல் மில்லுக்குப் போகிறார். பத்தாவதைத் தாண்டியவன் இதுவரை நான் ஒருத்தன்தான். வீட்டுக்கு ஒரே ஒரு நல்ல போன், அது அம்மாவுடையது. கடைக்குப் பணம் அனுப்புவது, கேஸ் புக் பண்ணுவது எல்லாம் தங்கச்சிதான். ரகசிய எண்ணும் அவளுக்கே மனப்பாடம்.

பொங்கல் லீவுக்குப் போயிருந்தேன். வீட்டில் ஒரே ரகளை. அம்மாவின் கணக்கில் 356 ரூபாய் குறைந்திருக்கிறது. 89 ரூபாயாக நான்கு தடவை. அம்மா ஒரு ஷிப்ட் முழுக்க நின்று வாங்குகிற கூலிக்குக் கிட்டத்தட்ட வரும். விசாரித்தால், தங்கச்சி ஒரு கதை விளையாட்டில் வைரம் வாங்கியிருக்கிறாள். நிஜ வைரம் இல்லை, திரையில் மினுக்குகிற வைரம். (விளையாட்டின் பெயர் வேண்டாம். அது ஒன்று மட்டும் இப்படி இல்லை.)

"எதுக்குடி?" என்று அப்பா கையை ஓங்கிவிட்டார். அவள் அழுதுகொண்டே காட்டினாள். கதையில் ஒரு பெண் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஒரு விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். புது உடுப்பு போட்டுக்கொண்டு போக 20 வைரம். பழைய உடுப்போடு போவது இலவசம். தங்கச்சி முதலில் இலவசத்தைத்தான் தொட்டிருக்கிறாள். உடனே கதையில் வருகிற மற்றப் பெண்கள், இதைப் போட்டுக்கொண்டா வந்தாய் என்று சிரித்திருக்கிறார்கள். அதற்கு நல்ல பதில் சொல்லி வாயடைக்க இன்னும் 15 வைரம். தலையைக் குனிந்துகொண்டு போவது இலவசம்!

எங்கள் அப்பத்தா மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது: "புள்ள கதைதானடா கேட்டுச்சு. கதைக்கு எவன்டா காசு வாங்குறான்? 'உம்' கொட்டுனாப் போதாதா?"

சின்ன வயதில் அப்பத்தா கதை சொல்லும்போது நாங்கள் 'உம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். சில சமயம், "இப்ப ராசா மகன் ஆத்துல இறங்குவானா, மரத்துல ஏறுவானா? சொல்லு" என்று கேட்கும். நான் மரம் என்பேன், தங்கச்சி ஆறு என்பாள். அப்பத்தா சாமர்த்தியமாக மரத்தில் ஏற்றிக் கிளையை முறித்து ஆற்றிலே விழ வைத்துவிடும். இதைத்தான் இப்போது போன் செய்கிறது.

இந்த மாதிரிக் கதைகள் போனோடு பிறந்தவை அல்ல. எட்வர்ட் பேக்கர்ட் என்று அமெரிக்காவில் ஒரு வக்கீல். ராத்திரி மகள்களுக்குக் கதை சொல்லும்போது ஒருநாள் கற்பனை ஓடாமல், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு பதில் வந்திருக்கிறது. அதை வைத்து 1969ல் ஒரு புத்தகம் எழுதினார். அது அச்சேற 1976 ஆகிவிட்டது. 1979ல் பான்டம் பதிப்பகம் 'சூஸ் யுவர் ஓன் அட்வெஞ்சர்' என்ற வரிசையைத் தொடங்கியது. இதைச் செய்தால் இன்ன பக்கத்துக்குப் போ, அதைச் செய்தால் இன்ன பக்கத்துக்குப் போ என்று இருக்கும். 25 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள்.

கணினியில் இதைச் செய்தவர் வில் குரோதர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் வேலை செய்த பொறியாளர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவது அவருடைய பொழுதுபோக்கு. மனைவியைப் பிரிந்த பிறகு, பார்க்க வரும் மகள்கள் விளையாடுவதற்காக, தான் இறங்கிய கென்டக்கி மாமத் குகையையே ஒரு விளையாட்டாக எழுதினார். 1976 வாக்கில், பி.டி.பி.-10 என்ற கணினியில், ஃபோர்ட்ரான் மொழியில். மறு வருடம் டான் உட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று நாம் தட்டினால் அது பதில் சொல்லும்.

பாருங்கள் தோழர்களே, இரண்டு பேருமே பெற்ற மகள்களுக்காகச் செய்தவர்கள். மகளிடம் யாரும் வைரம் கேட்கவில்லை!

நம் விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் வேறு இருக்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். எதைத் தொட்டாலும் நஷ்டம். இப்போதைய கம்பெனிகள் அதனிடம்தான் பாடம் படித்திருக்குமோ என்னவோ.

அடுத்து, இது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் பாடத்தில் வருவதுதான். ஓர் இடத்தில் இரண்டு பதில் வைத்தால் கதை இரண்டாகப் பிரிகிறது. மறுபடி ஒரு கேள்வி, நான்கு. பத்துக் கேள்வி கேட்டால் 1024 முடிவுகள். வழியில் வரும் காட்சிகளையும் சேர்த்தால் 2047 காட்சி எழுத வேண்டும். யாரால் முடியும்? ஆகவே, பிரிந்த கிளையை இரண்டு காட்சி தள்ளி மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து மேற்கு வழி பஸ்ஸில் ஏறினாலும் கிழக்கு வழி பஸ்ஸில் ஏறினாலும் கடைசியில் அதே ரயில்வே கேட்டில் நிற்கிற மாதிரி. அப்பத்தா கிளையை முறித்ததும் இந்தக் கணக்குதான்.

அப்படியானால் நாம் தேர்ந்தெடுத்ததற்கு என்ன அர்த்தம்? அங்கேதான் ஃபிளாக் வருகிறது. நீங்கள் நண்பனைக் காப்பாற்றினால் ஒரு பிட் 1 ஆகும், விட்டுவிட்டு ஓடினால் அது 0. இருபது காட்சி கழித்து அந்த பிட்டைப் பார்த்து, அவன் உங்களிடம் பேசுவதா முகத்தைத் திருப்புவதா என்று கதை முடிவு செய்யும். நம் மைக்ரோகன்ட்ரோலர் லேபில் 'ஜே.பி.' என்ற கட்டளையைப் போட்டு எல்.இ.டி.யை எரிய வைக்கிறோமே, அதே சமாச்சாரம். 8051ல் பிட் பிட்டாக எழுதக்கூடிய இடம் 16 பைட், அதாவது 128 பிட். நன்றியும் துரோகமுமாக 128ஐ அதில் நினைவு வைத்துக்கொள்ளலாம்! மனுஷனுக்கு அவ்வளவு நினைவு இருப்பதில்லை.

நான் இந்த விளையாட்டுகளுக்கு எதிரி அல்ல. சொல்லப்போனால் கடன்பட்டவன். பத்தாவது வரை தமிழ் மீடியம். முதல் வருடம் இங்கே வந்து உட்கார்ந்தபோது போர்டில் எழுதுவதை அப்படியே வரைந்துகொண்டு வந்தேனே தவிர, வாசிக்கவில்லை. அப்போது சீனியர் அண்ணன் ஒருவர் போனில் 'லைஃப்லைன்' என்ற விளையாட்டைக் காட்டினார். 2015ல் வந்தது. டெய்லர் என்று ஒரு விண்வெளி மாணவர் எங்கோ ஒரு நிலவில் விழுந்து கிடக்கிறார். ஆணா பெண்ணா என்றுகூடக் கதையில் வராது. நம் போனுக்கு மட்டும்தான் அவர் செய்தி வரும். அங்கே போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று நம்மைக் கேட்பார். பிறகு, நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நிஜமாகவே மணிக்கணக்கில் பேச மாட்டார். வொர்க்‌ஷாப்பில் ஃபைலிங் போட்டுக்கொண்டிருக்கும்போது பையில் போன் அதிரும். மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்!

ஒவ்வொரு வரிக்கும் அகராதி பார்த்தேன். புரியாமல் தொட்டால் ஆள் செத்துப்போவார் என்ற பயத்திலேயே படித்தேன். வகுப்பில் தப்பாக வாசித்தால் பின் பெஞ்சில் சிரிப்பார்கள். போன் சிரிக்காது, காத்துக்கொண்டே இருக்கும். முதல் செமஸ்டர் இங்கிலீஷில் 41 வாங்கிய நான் இரண்டாவதில் 68 வாங்கினேன் என்றால் அதில் டெய்லருக்கும் பங்கு உண்டு. "கேம் ஆடி வீணாப் போறானுங்க" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிற ஆசிரியர்களுக்கு என் தாழ்மையான பதில் இது.

ஆக, கதையில் குற்றமில்லை. கல்லாப்பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. எழுதுகிறவனுக்கும் வயிறு இருக்கிறது, காசு வாங்கட்டும், நியாயம். புத்தகம் மாதிரி ஒரு தடவை விலை சொல்லி விற்கிற கதை விளையாட்டும் இருக்கிறது. 'லைஃப்லைன்' அப்படித்தான். 2014ல் இங்கிலாந்தில் இன்கிள் என்ற சிறு நிறுவனம் செய்த '80 டேஸ்' அப்படித்தான். ஆனால் இப்போது அதிகம் ஓடுவது வேறு வகை. இறக்கிக்கொள்ள இலவசம். ஓர் அத்தியாயம் படித்தால் அடுத்ததற்குச் சீட்டு வேண்டும். சீட்டு தீர்ந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு. அதாவது போகட்டும், பொறுமை நமக்குப் பழக்கம்தான். ரேஷன் கடையில் நிற்காத நிற்பா? பதிலுக்கே விலை வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்பாக ஒரு வார்த்தை பேச வைரம், தைரியமாக எதிர்த்துப் பேச வைரம், நண்பனோடு கூட இருக்க வைரம். கோழையாக இருப்பது, பேசாமல் ஒதுங்கிப்போவது, பழைய உடுப்பு, இவை ஓசி.

யோசித்துப் பாருங்கள், இது யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறது? காசுள்ள வீட்டுப் பிள்ளை தொடுவதெல்லாம் நல்ல பதில். என் தங்கச்சி தொடக்கூடியது தலைகுனிவு ஒன்றுதான். நிஜத்தில் இதைத்தானே பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். டியூஷன் வைத்தவன் பதினொன்றாவதில் பயாலஜி எடுத்தான். "மூணு வருசத்துல வேலைக்குப் போயிரலாம்ல?" என்று அப்பா கேட்டார், நான் பாலிடெக்னிக் வந்தேன். வருத்தம் இல்லை. இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் முன்னால் இருந்த கட்டங்களில் எது ஓசியோ அதைத்தான் நான் தொட்டேன் என்பதும் நிஜம். கதையிலாவது அது வேறு மாதிரி இருக்கக் கூடாதா?

சட்டம் ஒன்றும் செய்யாதா என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது தடுப்பது, பணம் ஜெயிக்கலாம் என்று பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களை. கதை விளையாட்டில் ஜெயிக்கப் பணம் ஏது? கொடுப்பது மட்டும்தான். ஆகவே அது வேறு கணக்கு. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கச்சி தம்பி வைத்திருப்பவர்கள் போனில் வாங்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோர் அமைப்பில் மாற்றி வையுங்கள். ரெண்டு நிமிஷ வேலை.

சொல்ல வந்த இன்னொரு கதை இருக்கிறது. 'பரி மீ, மை லவ்' என்று பிரான்ஸில் 2017ல் செய்த விளையாட்டு. பார்க்க வாட்ஸ்அப் மாதிரியே இருக்கும். சிரியாவில் போர். நூர் என்ற பெண் ஐரோப்பாவுக்குத் தப்பிப் போகிறாள். கணவன் மஜ்த் வீட்டுப் பெரியவர்களை விட்டு வர முடியாமல் அங்கேயே இருக்கிறான். நாம்தான் மஜ்த். அவள் வழியிலிருந்து செய்தி அனுப்புவாள், நாம் பதில் அனுப்ப வேண்டும். நாம் சொன்னதை அவள் கேட்டே தீருவாள் என்பதும் கிடையாது. மொத்தம் 19 முடிவுகள். சிலவற்றில் அவள் பிழைப்பதில்லை.

ரூமில் நாலு பேர் காசு போட்டு வாங்கினோம். போன் ஒருவனுடையது, முடிவு நாலு பேருடையது. ஓட்டெடுப்பு வைத்துத்தான் பதில் அனுப்புவோம். ரெண்டு ரெண்டாகப் பிரிந்தால் மெஸ்ஸில் வைத்துத் தகராறு. ஒருநாள் ராத்திரி படகு பற்றிப் பேச்சு வந்தது. ஏறச் சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டிருக்க, நாலாவது ஆள் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவன் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறவன். (2021 வரை அகதிகள் முகாம் என்றார்கள்.) அவனும் அவன் அப்பாவும் பிறந்தது எங்கே என்பது பெரிய கதை. பிறகு வராந்தாவில் உட்கார்ந்து சொன்னான். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது அவனுடைய அம்மம்மா மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். படகுக்குக் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். படகுக்காரன் கரை வரை வராமல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிய விடிய இடுப்பில் பிள்ளையோடு அங்கே நின்றிருக்கிறார்.

"சிரியாக்காரிக்கு கேம் இருக்கு. எங்க அம்மம்மாவுக்கு ஏன்டா இல்ல?" என்றான்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ட்வைன் என்று ஒரு மென்பொருள் இருப்பது தெரியும். 2009ல் கிறிஸ் கிளைமாஸ் என்பவர் வெளியிட்டது, முழுக்க இலவசம். ஒரு காட்சிக்கு ஒரு கட்டம். அடுத்த காட்சியின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் தானாகவே அம்புக்குறி போட்டுக்கொள்ளும். பார்க்க நாம் ரெக்கார்டு நோட்டில் வரைகிற ஃபுளோ சார்ட் மாதிரியே இருக்கும். ஃபிளாக் வைக்க வேண்டுமானால் இஃப்-எல்ஸ் தெரிந்தால் போதும். தமிழில் அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். முடித்தால் ஒரே ஒரு ஹெச்.டி.எம்.எல். கோப்பு. புளூடூத்தில் அனுப்பலாம், நெட் இல்லாமல் ஓடும். வைரத்துக்கு இடமே இல்லை!

போன மாதம் அவன் முகாமுக்குப் போனபோது, அம்மம்மாவிடம் கேட்டு வரச் சொல்லி ஒரு தாளில் கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். எந்த வழியில் போவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எதை எடுத்துப்போவது என்று யார் சொன்னது? இப்படிப் பத்துக் கேள்வி. அம்மம்மா சிரித்தாராம். "தெரிவு எண்டு ஒண்டும் இல்லையப்பு. எல்லாரும் ஓடினவை, நாங்களும் ஓடினம்" என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்டு மட்டும் நான்தான் யோசிச்சனான்" என்றாராம். வீட்டில் ஓர் ஆடு இருந்திருக்கிறது. கட்டிவிட்டுப் போவதா, அவிழ்த்து விடுவதா? ரெண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றால் கட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் காணாமல் போய்விடும். திரும்பவே முடியாது என்றால் அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றிலேயே செத்துவிடும். அவிழ்த்துவிட்டு, அழுதுகொண்டே வந்தாராம்.

நாங்கள் எழுதுகிற கதை அந்த ஆட்டில்தான் தொடங்குகிறது. இதுவரை 14 காட்சி முடிந்திருக்கிறது. எழுத்துப் பிழை திருத்த, படம் வரைய ஆள் வேண்டும். சிவில், மெக்கானிக்கல் என்று பார்க்க மாட்டோம், சாயங்காலம் நாலரைக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ் பிளாக் மாடிப்படியில் இருப்போம்.

முதலில் படித்தவள் என் தங்கச்சிதான். 'அவிழ்த்து விடு', 'கட்டிவிட்டுப் போ' என்று இரண்டு கட்டத்தையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல எதுக்குண்ணே வைரம்?" என்று கேட்டாள். ரெண்டுக்கும் இல்லை என்றேன். 'கட்டிவிட்டுப் போ' என்பதைத் தொட்டாள். "எப்படியும் திரும்பி வந்துருவாங்கள்ல?" என்றாள். அந்தக் கிளையை நாங்கள் இன்னும் எழுதவில்லை. நண்பன் அடுத்த லீவில் அம்மம்மாவிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.